நிரலிலிருந்து வெளிக்கட்டளை: அரை நூற்றாண்டு விடைகளும் தமிழ்க் கோப்புப் பெயர்களும்

கேள்வி எழும் இடம்

ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல், தனக்கு வெளியே கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் வேறொரு நிரலை எந்த வழியில் அழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1970களிலிருந்தே விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. ஸ்கிரிப்ட் மொழி என்பது பைத்தான், பேர்ல், பிஎச்பி, ரூபி போல, தனியாகத் தொகுக்க வேண்டிய தேவையின்றி எழுதிய வடிவிலேயே ஓடக்கூடிய மொழி. வெளிக்கட்டளை என்பது அந்த மொழிக்கு அப்பால், தனக்கென நினைவகமும் தொடக்கமும் முடிவும் கொண்டு இயங்கும் நிரல். விடைகள் பலவாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு விடையும் அதற்கு முந்தைய விடையின் ஒரு குறையை நீக்கிவிட்டு வேறொரு குறையை விட்டுச்சென்றிருப்பதே எனலாம்.

தமிழ்ச் சூழலில் இக்கேள்வி மிக அதிகமாக எழும் இடம் நூல்களை எண்மியமாக்கும் பணி. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தின் சுவடிகளிலிருந்து அச்சேறிய பதிப்புகள், 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகள், தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் ஹூல்ட்ஷ் பதிப்பித்த பெரிய கோயில் கல்வெட்டுகள் என்று காவிரிப் படுகையின் எழுத்துச் செல்வத்தில் பெரும்பகுதி இன்று ஒளிவருடிய பிடிஎஃப் கோப்புகளாகவே கிடைக்கிறது. அவற்றைத் தேடக்கூடிய உரையாக மாற்றுவதற்கு, பக்கங்களைப் பிரிக்க ஒரு கருவியும், கறையும் சாய்வும் நீக்க இமேஜ்மேஜிக் போன்ற ஒரு கருவியும், எழுத்தை அடையாளம் காண டெசராக்ட் போன்ற ஓர் எழுத்துணரியும் வேண்டும். இவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. இவற்றை ஒரு சங்கிலியாகக் கோப்பது பெரும்பாலும் ஒரு சிறிய பைத்தான் நிரல்தான். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்களைத் தமிழ் விக்கிமூலத்தில் உரையாக்குவதற்குப் பயன்பட்ட, த. சீனிவாசன் எழுதிய ‘ஓசிஆர்4விக்கிசோர்ஸ்’ என்ற கட்டற்ற பைத்தான் நிரலும் இவ்வகையைச் சேர்ந்தது: நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுள் டிரைவின் எழுத்துணரிக்கு அனுப்பி, திரும்பி வரும் உரையை விக்கிமூலத்தில் ஏற்றும் அதன் வேலையில் பல படிகள் பிற கருவிகளின் துணையால் நடப்பவை.

இத்தகைய பணியில் ஒரு பக்கம் ஓசையின்றி விடுபட்டுப்போவது, நிரல் இடையில் நின்றுபோவதைவிடப் பெரிய இழப்பு. நின்றுபோனதை அன்றே யாராவது கவனிப்பார்கள்; விடுபட்ட பக்கமோ பல ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்துவிடக்கூடும். ஆகவே, பொதுவாக வேகம், பாதுகாப்பு என்ற இரண்டு அளவுகோல்களால் மட்டும் மதிப்பிடப்படும் இவ்விடைகளை, உரையின் முழுமை என்ற மூன்றாவது அளவுகோலாலும் மதிப்பிடுவது பொருந்தும்.

முதல் விடை: ஷெல்லிடம் ஒரு வரி

நிரல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சிந்தனை யுனிக்ஸுக்கு முந்தையது. 1960களின் முற்பகுதியில் எம்ஐடியில் பணியாற்றிய லூயி பூசான், கட்டளைகளின் தொடரைக் கோப்பாக எழுதி ஓட்டும் ‘ரன்காம்’ என்ற நிரலை எழுதினார். ‘ஷெல்’ என்ற பெயரும் அவர் தந்ததே. 1964 அக்டோபரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய், நிரல்களைத் தோட்டக் குழாய்களைப் போல முடுக்கிச் சேர்க்கும் வழி வேண்டும் என்று ஒரு குறிப்பில் எழுதினார். 1973இல் கென் தாம்சன் யுனிக்ஸில் ‘பைப்’ என்ற வசதியைச் சேர்த்தபோது அது நடைமுறைக்கு வந்தது.

ஷெல் என்பது பயனர் தட்டச்சிடும் வரியைப் படித்து, அதிலுள்ள சொற்களைப் பிரித்து, உரிய நிரலை ஓட்டும் இடையாள். ஸ்கிரிப்ட் மொழிகள் தோன்றியபோது, மனிதன் ஷெல்லில் எழுதும் அதே வரியை நிரலும் ஒரு சரமாக எழுதி ஷெல்லிடம் தந்துவிடலாம் என்பதே எளிய விடையாக இருந்தது. சி மொழியின் ‘சிஸ்டம்’ என்ற செயல்பாடும், 1987இல் லாரி வால் வெளியிட்ட பேர்லின் பின்சாய்வு மேற்கோள்குறிகளும், பைத்தானின் ‘ஓஎஸ்.சிஸ்டம்’ என்பதும் இவ்வழியைச் சேர்ந்தவை. இதன் வலிமையை மறுப்பதற்கில்லை. பைப், கோப்புக்குத் திருப்புதல், உடுக்குறியால் பல கோப்புகளைக் குறித்தல் ஆகிய அனைத்தும் ஒரே வரியில் கிடைக்கின்றன; திரையில் சோதித்துப் பார்த்த வரியை அப்படியே நிரலில் ஒட்டவும் முடிகிறது.

குறை, தரவும் கட்டளையும் ஒரே சரத்தில் கலந்துவிடுவதில் இருக்கிறது. ‘கல்வெட்டு (தொகுதி 2).பிடிஎஃப்’ என்ற பெயருள்ள கோப்பைச் சரத்தில் ஒட்டி அனுப்பினால், ஷெல் இடைவெளியில் சொல்லைப் பிரிக்கிறது. அடைப்புக்குறியைத் தன் இலக்கணத்தின் ஒரு பகுதியாகக் கொண்டு பிழை என்கிறது. பெயரில் அரைப்புள்ளி (;) இருந்தால் அதுவரை ஒரு கட்டளை, அதற்குப் பிறகு இன்னொரு கட்டளை. வெளியார் தரும் பெயர் ஒன்று கணினியில் எதையும் ஓட்டிவிடக்கூடிய இந்நிலையே கட்டளை ஊடுருவல் எனப்படுகிறது. 1990களில் இணையதளங்களுக்குப் பின்னால் இயங்கிய சிஜிஐ நிரல்களில் இது பரவலாக வெளிப்பட்டது. பேர்லில், கோப்பைத் திறக்கும் பழைய இரு உள்ளீட்டு வடிவம், பெயரின் கடைசியில் நிலைக்கோடு (|) இருந்தால் அப்பெயரையே கட்டளையாக ஓட்டியது. மூன்று உள்ளீட்டு வடிவம் 2000இல் வந்த பிறகே இதற்கு நேரான மாற்று கிடைத்தது.

தமிழ் அச்சுத்துறையோடு தொடர்புடைய ஒரு செய்தி இங்கே கவனிக்கத் தக்கது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் எவையும் ஷெல்லின் சிறப்புக் குறிகளோடு மோதுவதில்லை. ஆனால் பல ஆண்டுகளாகத் தட்டச்சு நிலையங்களில் புழங்கிய ‘பாமினி’ எழுத்துரு அவ்வாறன்று. அது ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைக்கிறது, அதில் மெய்யெழுத்தின் புள்ளி அமர்ந்திருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். ஆகவே பாமினியில் தட்டச்சிட்ட நூற்பட்டியலிலிருந்து ‘கொள்ளிடம்’ என்ற சொல்லை எடுத்து ஒரு கட்டளைச் சரத்தில் ஒட்டினால், ஷெல்லின் பார்வையில் ‘ள்’ என்பதன் புள்ளியில் முதல் கட்டளை முடிகிறது, ‘ம்’ என்பதன் புள்ளியில் இரண்டாவது முடிகிறது. மெய்யெழுத்து இல்லாத தமிழ்த் தலைப்பு அரிது என்பதால், அத்தகைய பட்டியலில் ஏறத்தாழ ஒவ்வொரு வரியும் ஷெல்லுக்குப் பல கட்டளைகளாகவே தோன்றும். கட்டளை ஊடுருவலைத் தீய நோக்கமுள்ளவரின் செயலாக மட்டும் பேசுவது போதாது என்பதற்கு இது தக்க சான்று. இங்கே தீங்கு நினைத்தவர் எவருமில்லை.

இரண்டாம் விடை: மேற்கோளிட்டுக் காப்பது

சரத்தை விட்டுவிடாமலேயே, அதில் ஒட்டப்படும் தரவை மேற்கோள்குறிகளுக்குள் அடைத்துக் காப்பது இரண்டாவது விடை. பைத்தானின் ‘ஷ்லெக்ஸ்.கோட்’, பிஎச்பியின் ‘எஸ்கேப்ஷெல்ஆர்க்’ ஆகியவை இதற்கென அமைந்தவை. பேர்ல் இன்னும் ஒரு படி சென்று, வெளியிலிருந்து வந்த தரவைக் ‘கறைபட்டது’ எனக் குறித்து, சரிபார்க்கப்படும் வரை அதை ஷெல்லுக்குச் செல்லவிடாமல் தடுக்கும் ஒரு முறையைக் கொண்டிருந்தது. நல்ல சிந்தனை அது. பிற மொழிகள் அதைப் பரவலாகப் பின்பற்றாதது இழப்பு என்றே கருதலாம்.

மேற்கோளிடலின் வலுவின்மை, அது ஒவ்வொரு இடத்திலும் மறவாமல் செய்யப்பட வேண்டியது என்பதோடு, ஷெல்லின் இலக்கணத்தை வேறொரு நிரல் சரியாக ஊகிக்க வேண்டியது என்பதிலும் உள்ளது. தமிழுக்கு இதில் தனியாக ஓர் இடர் உண்டு. பிஎச்பியின் மேற்சொன்ன செயல்பாடு, கணினியின் வட்டார அமைப்பு ‘சி’ எனப்படும் அடிப்படை நிலையில் இருக்கும்போது, ஆஸ்கி வரம்புக்கு வெளியே உள்ள பைட்டுகளைச் செல்லாதவை எனக் கொண்டு நீக்கிவிடும். ‘கொள்ளிடம்’ என்ற பெயரில் பிடிஎஃப் பின்னொட்டு மட்டும் மிஞ்ச, பெயர் முழுவதும் மறைந்துபோகும். பாதுகாப்பின் பார்வையில் அச்செயல்பாடு தன் கடமையைச் செய்துவிட்டது. உரையின் முழுமை என்ற பார்வையில் அது கோப்பையே காணாமல் ஆக்கிவிட்டது.

மூன்றாம் விடை: பட்டியலாக அனுப்புவது

ஷெல் என்ற இடையாளையே விலக்கிவிட்டு, கட்டளையின் பெயரையும் அதற்கான உள்ளீடுகளையும் தனித்தனிச் சரங்கள் கொண்ட பட்டியலாக இயங்குதளத்திடம் நேரே தருவது மூன்றாவது விடை. புதியது போலத் தோன்றினாலும் இதுவே அடித்தளத்தில் எப்போதும் இருந்த வழி. யுனிக்ஸில் ஒரு செயல்முறை ‘ஃபோர்க்’ மூலம் தன் நகலை உண்டாக்க, அந்த நகல் ‘எக்ஸெக்’ மூலம் புதிய நிரலாக மாறும். எக்ஸெக் கேட்பது ஒரு பட்டியலைத்தான். ஃபோர்க் என்ற கருத்து மெல்வின் கான்வேயின் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் பெர்க்லியின் ‘ஜீனி’ திட்டத்திலும் வேர்கொண்டது.

பைத்தானில் இவ்வழி உறுதிப்பட்டது பீட்டர் ஆஸ்ட்ராண்ட் முன்மொழிந்த ‘சப்பிராசஸ்’ என்ற கூறு 2004இல் 2.4 பதிப்போடு வந்தபோது. அதுவரை ஒரே வேலைக்குப் பல பெயர்களில் சிதறிக்கிடந்த செயல்பாடுகளுக்கு அது ஒரே மாற்றாக அமைந்தது. ஷெல்லைப் பயன்படுத்துவது என்பது அதில் வெளிப்படையாகக் கேட்டால் மட்டுமே கிடைக்கும் விருப்பம். 2015இல் 3.5 பதிப்பில் வந்த ‘ரன்’ என்ற எளிய வடிவம், கட்டளை தோற்றால் நிரலையும் பிழையோடு நிறுத்தும் ‘செக்’ என்ற தேர்வைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது. பழைய ‘ஓஎஸ்.சிஸ்டம்’ யுனிக்ஸில் திருப்பித் தரும் எண், கட்டளையின் முடிவுக் குறியெண் அன்று. 1 என்று தோற்ற கட்டளைக்கு அது 256 என்கிறது. அந்த 256ஐ அப்படியே தன் முடிவாக அறிவிக்கும் நிரலின் எண்ணில் கடைசி எட்டு பிட்டுகள் மட்டும் எஞ்சி, 0 ஆகி, வெற்றி என்று பதிவாகும். முந்நூறு பக்கங்களில் ஒன்று எழுத்துணரியில் தோற்றும் வேலை முழுமையடைந்ததாகக் காட்டப்படுவதற்கு இத்தகைய ஒரு வரி போதும்.

பட்டியல் வழியில் இடைவெளியும் அடைப்புக்குறியும் பாமினியின் அரைப்புள்ளியும் தம் ஆபத்தை இழக்கின்றன. இதுவே அதன் பெரும்பேறு. ஆயினும் நான்கு குறைகளையேனும் சொல்ல வேண்டும். கோடு (-) ஒன்றால் தொடங்கும் பெயரை அழைக்கப்படும் நிரல் தனக்கான விருப்பக்குறியாக எடுத்துக்கொள்ளும். 2017இல் கிட் உள்ளிட்ட பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் கண்டறியப்பட்ட குறை இவ்வகையானது, முகவரியின் கணினிப் பெயர் கோட்டால் தொடங்கும்படி எழுதப்பட்டபோது அது எஸ்எஸ்எச் நிரலுக்கு விருப்பமாகச் சென்றது. அடுத்து, அழைக்கப்பட்ட நிரல் தானே உள்ளுக்குள் ஷெல்லைத் திறக்கலாம்: 2016 மே மாதம் வெளியான இமேஜ்மேஜிக் குறையில், படக்கோப்பினுள் எழுதப்பட்ட ஒரு முகவரி அக்கருவியின் துணைக்கட்டளைகள் வழியே ஷெல்லை அடைந்தது, அழைத்த நிரல் பட்டியலைப் பயன்படுத்தியிருந்ததால் எந்தப் பயனுமில்லை. 2014 செப்டம்பரில் ஸ்டீஃபான் ஷசெலாஸ் கண்டறிந்த ‘ஷெல்ஷாக்’ குறை, உள்ளீடுகளில் அன்றி, செயல்முறைகள் ஒன்றிடமிருந்து ஒன்று பெறும் சூழல் மாறிகள் வழியே நுழைந்தது. விண்டோஸிலோ உள்ளீடுகள் கீழ்மட்டத்தில் ஒரே சரமாகவே செல்கின்றன, அதைப் பிரிப்பது பெறும் நிரலின் பொறுப்பு. 2024 ஏப்ரலில் ரஸ்ட் உட்படப் பல மொழிகளை ஒருசேரப் பாதித்த தொகுதிக்கோப்புக் குறை இதன் விளைவு.

பைப்பை நிரலாளரே கையாள வேண்டியிருப்பதும் இவ்வழியின் சுமைகளில் ஒன்று. லினக்ஸில் ஒரு பைப் பொதுவாக 64 கிலோபைட் வரை தாங்கும். தாய் நிரல், பிள்ளை நிரல் முடியட்டும் என்று காத்திருக்க, பிள்ளையோ தன் வெளியீட்டை யாரும் படிக்காததால் பைப் நிரம்பி நின்றுவிட, இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து அசையாதிருக்கும். கடைமடையில் மடை திறக்காமல் தலைப்பில் தண்ணீர் விட்ட வாய்க்காலின் நிலைதான். சிறிய சோதனைக் கோப்பில் இது தெரியாது, பெரிய நூலில்தான் தெரியும்.

நான்காம் விடை: வெளிக்கட்டளையே வேண்டாம்

அழைக்க வேண்டிய கருவியின் நிரலகத்தை, அதாவது அதன் செயல்பாடுகளின் தொகுப்பை, நேரடியாகத் தன் நிரலோடு இணைத்துக்கொள்வது நான்காவது விடை. வெளிக்கட்டளை, நிரலகம் என்ற இரு நிலைப்பாடுகளையும் டெசராக்ட் விஷயத்தில் அருகருகே காணலாம்: ‘பைடெசராக்ட்’ என்ற பைத்தான் தொகுப்பு டெசராக்டை வெளிக்கட்டளையாக ஓட்டி விடையைப் பெறுகிறது, ‘டெசரோசிஆர்’ அதன் நிரலகத்தோடு நேரே பேசுகிறது. பின்னது தமிழுக்கான பயிற்சித் தரவை ஒரு முறை ஏற்றிவிட்டுப் பல பக்கங்களைப் படிக்க முடியும். முன்னது ஒவ்வொரு அழைப்புக்கும் அதைப் புதிதாக ஏற்றுகிறது.

எனினும் நிரலக வழியே உயர்ந்தது என்று முடிவு கட்டுவது அவசரமாகும். சேதமுற்ற ஒரு படம் நிரலகத்தை வீழ்த்தினால் முழு நிரலும் வீழ்கிறது. வெளிக்கட்டளை வீழ்ந்தால் அந்தப் பக்கம் மட்டும் தோற்கிறது, அடுத்ததைத் தொடரலாம். நிரலகத்தின் பதிப்பு மாறும்போது இணைப்பையும் மாற்ற வேண்டும். கட்டளையின் விருப்பக்குறிகளோ பொதுவாக நீண்டகாலம் மாறாதிருப்பவை. உரிம நோக்கிலும் வேறுபாடு உண்டு: பைப் வழியாகவோ கட்டளையாகவோ பேசிக்கொள்ளும் நிரல்கள் வழக்கமாகத் தனித்தனி நிரல்களே என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விளக்கம், இணைத்துக்கொள்வதற்கு அது பொருந்தாது. வேகத்தைப் பொறுத்தவரை, ஒரு செயல்முறையைத் தொடங்கும் செலவு, ஒரு பக்கத்தை எழுத்துணரி படிக்கும் செலவோடு ஒப்பிட மிகச் சிறியதாகவே இருக்கும். ஃபோர்க் என்ற முறையே காலங்கடந்தது என்று 2019இல் ஒரு கருத்தரங்கக் கட்டுரை வலுவாக வாதிட்டது உண்மை. ஆனால் அவ்வாதம் பெரிய சேவையகங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவு ஒரு நூலக மேசைக் கணினிக்குப் பொருந்துமா என்பது ஐயமே.

விடைகள் எட்டாத இடம்: பைட்டும் எழுத்தும்

மேற்கண்ட நான்கு விடைகளும் ஒரு கருத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன: கோப்பின் பெயர் எது என்பதில் ஐயமில்லை, அதை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதே சிக்கல். தமிழில் அந்த முதல் பகுதியே உறுதியானதன்று.

‘கொள்ளிடம்’ என்ற சொல்லை வாசகர் ஐந்து எழுத்தாக எண்ணுகிறார். ஒருங்குறியில் ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்று குறிகளாகவும் எழுதலாம். முதல் வழியில் சொல் 9 குறிகள், 27 பைட்டுகள். இரண்டாம் வழியில் 10 குறிகள், 30 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிளின் பழைய ‘எச்எஃப்எஸ் பிளஸ்’ கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. லினக்ஸின் ‘எக்ஸ்ட்4’ தரப்பட்ட பைட்டுகளை இயல்பாக அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு கணினியில் ஒளிவருடி மற்றொன்றுக்கு நகலெடுத்த ‘கொரடாச்சேரி’, ‘கோவிலூர்’, ‘கொள்ளிடம்’ போன்ற பெயருள்ள கோப்புகளை, நூற்பட்டியலிலிருந்து பெயரை எடுத்து அழைக்கும் நிரல் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்ற பிழையோடு திரும்பும். ‘தஞ்சாவூர்’, ‘திருவாரூர்’ கோப்புகள் சிக்கலின்றி ஓடும். ஒகர, ஓகார, ஔகாரக் குறி வரும் பெயர்கள் மட்டும் தோற்கின்றன என்பதை உணராதவருக்கு இப்பிழை தற்செயலானது போலவே தோன்றும்.

பைத்தான் இதன் ஒரு பகுதியை எதிர்கொண்டிருக்கிறது. 2009இல் 3.1 பதிப்போடு வந்த ஒரு முறை, படிக்க இயலாத பைட்டுகளையும் இழக்காமல் சுமந்துசென்று திருப்பித் தருகிறது, 3.7 பதிப்பு ‘சி’ வட்டார அமைப்பிலும் யுடிஎஃப்-8ஐப் பின்பற்ற முயல்கிறது. அழைப்பவர் பக்கம் சரியானாலும், நள்ளிரவில் ‘கிரான்’ மூலம் தானாக ஓடும் வேலையில் அழைக்கப்படும் கருவி எந்த வட்டார அமைப்பைப் பெறுகிறது என்பது தனிக் கேள்வியாகவே நிற்கிறது. பெயரின் நீளமும் ஒரு வரம்பு: எக்ஸ்ட்4 அனுமதிக்கும் 255 பைட்டுகளில் தமிழுக்குக் கிடைப்பது 85 குறிகள்தாம்; ஆசிரியர், தலைப்பு, பதிப்பாண்டு மூன்றையும் பெயரிலேயே வைக்கும் வழக்கம் அதை எளிதில் தாண்டிவிடும்.

மதிப்பீடு

இப்போதுள்ள அறிவைக் கொண்டு பார்க்கும்போது, உரை எண்மியமாக்கம் போன்ற பணிகளுக்குப் பட்டியல் வழியை இயல்பாகவும், முடிவுக் குறியெண்ணைச் சோதிப்பதைக் கட்டாயமாகவும் கொள்வதே பெரும்பாலும் தகுந்தது எனத் தோன்றுகிறது. ஷெல் சரத்தின் வசதி, பெயர்கள் அனைத்தும் நிரலாளரே இட்டவையாக இருக்கும் இடத்தில் மட்டும் ஏற்கத்தக்கது. நிரலக வழியைப் பக்கங்களின் எண்ணிக்கை மிகப் பெரியதாகும்போது கருதலாம்.

தீராதவை சில உள்ளன. கட்டளைகளுக்கிடையே வெறும் எழுத்துச் சரங்கள் அன்றி வகையுள்ள பொருள்களே பாய வேண்டும் என்ற கருத்தை 2006இல் வந்த பவர்ஷெல் செயலாக்கியது. ஆனால் அதுவே வெளிக்கட்டளைகளுக்கு உள்ளீடுகளைச் சிதையாமல் அனுப்ப 2022இல் வந்த 7.3 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்பது, பழைய எல்லையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மாற்ற இயலாது என்பதைக் காட்டுகிறது. மொழி மாதிரிகள் எழுதித்தரும் கட்டளைகளை நிரல்கள் தாமே ஓட்டும் இன்றைய வழக்கமும், கட்டளை யாருடையது, தரவு யாருடையது என்ற பழைய ஐயத்தை வேறொரு வடிவில் மீண்டும் எழுப்புகிறது. ஒரே பெயரின் இரு பைட்டு வடிவங்களை ஒன்றாக்கும் பொறுப்பு கோப்பமைப்பினுடையதா, மொழியினுடையதா, நிரலாளருடையதா என்பதில் இன்னும் பொது உடன்பாடு இல்லை. இதைத் தவிர்க்கவே, கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறிகளை இட்டு, தமிழ்ப் பெயரைத் தனியாக விவரத்தாளில் வைக்கும் ஏற்பாடு பல எண்மியத் தொகுப்புகளில் கைக்கொள்ளப்படுகிறது. வேலை தடையின்றி நடக்க அது உதவுகிறது. ஆனால் விவரத்தாளும் கோப்பும் பிரிந்துபோனால், ஓர் எண்ணின் பின்னால் இருப்பது எந்த ஊரின் கல்வெட்டு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. தமிழ் நூலுக்குத் தமிழிலேயே பெயரிட்டு, அப்பெயரோடு எந்தக் கருவிக்கும் அனுப்ப முடிகிற நிலை, தொழில்நுட்ப அளவில் இன்று எட்டக்கூடியதாகவே இருக்கிறது. அதற்குத் தேவையான சோதனைக் கோப்புகளின் தொகுதியை, ஒகரக் குறியின் இரு வடிவங்களையும் பாமினிப் பட்டியல்களையும் உள்ளடக்கி, யார் உருவாக்கிப் பேணுவது என்பது முடிவு செய்யப்பட வேண்டியதாக உள்ளது.